மணற்கண் நோயின் கிருமியைக் கண்டவர்

கண் நோய்களுள் ஏழையைத் தேடிப் பிடிப்பது என்று ஒன்று உண்டானால் அது டிரக்கோமாவேயாகும். சீனர்கள் இதற்கு மணற்கண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இமைக்குள்ளே மணலை வாரி இறைத்தாற்போன்ற உறுத்தலை அனுபவித்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும். இது குழந்தைப் பிராயத்திலேயே தொற்றிக்கொள்ளும். தாயின் முந்தானை, வீட்டார் அனைவரும் முகம் துடைக்கும் ஒரே துணி, கண் பீளையில் மொய்க்கும் ஈ, அழுக்கு விரல் ஆகிய இவையே இதன் வாகனங்கள். இமையின் உட்புறத்தில் சிறு சிறு பருக்கள் தோன்றும்; ஆறும்; மறுபடியும் தோன்றும். ஆறிய இடமெல்லாம் வடுவாகி, வருஷங்கள் செல்லச் செல்ல அந்த வடு சுருங்கி, இமையின் விளிம்பை உட்பக்கமாக இழுக்கும். அப்பொழுது கண்ணைக் காப்பதற்கென்று அமைந்த இமைமயிரே, கண்ணை மூடித் திறக்குந்தோறும் கருவிழியைத் தேய்க்கத் தொடங்கும். முடிவில் விழியில் பூ விழும். குழந்தையாக இருந்தபோது பட்ட கடனை முப்பது நாற்பது வயதில் பார்வையைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

எகிப்து தேசத்தின் பழைய வைத்தியச் சுவடிகளிலேயே இந்நோயின் குறிப்பு இருக்கிறது. 1798-ம் வருஷம் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற சிப்பாய்களும், அவர்களை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலச் சிப்பாய்களும் கண் நோயுடன் ஊர் திரும்பிய பிறகுதான் ஐரோப்பா இதைப் பற்றி அஞ்சத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிழைக்க வழி தேடி நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஏழைகளின் இமைகளைப் புரட்டிப் பார்த்து, இந்நோய் கண்டவர்களை வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வைத்தியமோ, மயில்துத்தக் கட்டியை இமையின் உட்புறத்தில் வைத்துத் தேய்ப்பதுதான். பல நூற்றாண்டுகளாக வேறு கதி இல்லை. ஏனெனில் நோயை உண்டாக்குவது எது என்றே எவருக்கும் தெரியவில்லை.

அதைத் தனியே பிரித்தெடுத்து உலகத்தின் முன் நிறுத்தியவர் சீன தேசத்து டாக்டர் டாங் ஃபெய்-ஃபான். கண் வைத்தியர்களும் கிருமி ஆராய்ச்சியாளர்களும் அவரை நன்கு அறிவார்கள். ஆனால் அரசியல் வேலையில் ஈடுபட்டவர்கள் அவரைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தேசத்திற்கு உழைத்தவன் யார், தேசத்தை விற்றவன் யார் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை மேடைகளில் எளிதாகச் செய்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு எவ்வளவு கொடூரமாகத் தவறக்கூடும் என்பதை இவருடைய சரித்திரத்தைப் போல் காட்டுவது அரிது.

டாங் 1897-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி ஹுனான் மாகாணத்தில் லிலிங் என்னும் ஊரில் பிறந்தார். பீங்கானுக்கும் பட்டாசுக்கும் பேர்போன ஊர் அது. ஜப்பானிடம் சீனா தோற்று இரண்டு வருஷமே ஆகியிருந்த காலம். துறைமுகங்கள் தோறும் அந்நியர்கள் தங்கள் தங்கள் சட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹுனானின் தலைநகரான சாங்ஷாவில் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் உள்ளூர்ப் பிரமுகர்களும் கூடி ஒரு வைத்தியக் கலாசாலையை நிறுவினார்கள். அதை நடத்திய சீன அறிஞர் யென் ஃபூசிங். டாங் அவரிடம் மாணவராகச் சேர்ந்து, 1921-ம் வருஷம் அக்கலாசாலையிலிருந்து வெளிவந்த முதல் அணியில் ஒருவராகப் பட்டம் பெற்றார்.

மேனாட்டு வைத்தியம் படித்த சீனர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களாக இருந்த அக்காலத்தில், பட்டணத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டால் போதும், பணம் தானே வரும். டாங் அதை நாடவில்லை. ஒரு வைத்தியன் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் சில ஆயிரம் பேரைத்தான் குணப்படுத்த முடியும். நோயையே வராமல் தடுப்பவன் கோடிக்கணக்கானவர்களுக்கு வைத்தியனாவான் என்பது அவருடைய கணக்கு. பீகிங் யூனியன் வைத்தியக் கலாசாலையில் கிருமி சாஸ்திரம் பயின்றார். 1925-ல் கடல் கடந்து ஹார்வர்டு சர்வகலாசாலைக்குச் சென்று ஹான்ஸ் ஜின்ஸர் என்னும் பேராசிரியரிடம் வேலை பார்த்தார். விஷ ஜுரத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் ஜின்ஸருக்கு நிகரானவர்கள் அக்காலத்தில் சிலரே. நுண்ணிய வடிகட்டிகளுக்கும் அகப்படாமல் ஊடுருவிச் செல்லும் வைரஸ்களைக் கையாளும் வித்தையை டாங் அங்கேதான் கற்றார். 1929-ல், பழைய ஆசிரியர் யென் ஷாங்காயில் புதிதாக ஒரு வைத்தியக் கலாசாலையைத் தொடங்கி அழைத்தபோது, ஹார்வர்டின் வசதிகளை விட்டுத் திரும்பி வந்தார்.

அவர் திரும்பி வந்த சமயத்தில் டிரக்கோமாவைப் பற்றி உலகமெங்கும் ஒரே பேச்சாக இருந்தது. நியூயார்க் ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஹிடெயோ நொகுச்சி, அமெரிக்காவின் ஆதிக்குடிகளின் கண்களிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்து, இதுவே நோயின் மூலகாரணம் என்று 1927-ல் அறிவித்திருந்தார். நொகுச்சி சாமானியர் அல்லர். ஜப்பானில் ஏழைக் குடியில் பிறந்து, குழந்தையில் நெருப்பில் வெந்த கையுடனேயே உலகப் புகழ் பெற்றவர். மேகநோயின் கிருமியைப் பைத்தியம் பிடித்து மாண்டவர்களின் மூளையிலே கண்டு காட்டியவர். 1928-ல் ஆப்பிரிக்காவின் அக்ரா நகரில் மஞ்சள் ஜுரத்தை ஆராயப் போய் அந்த ஜுரத்திற்கே பலியானார். ஆசியா முழுவதும் அவரைப் பெருமையோடு கொண்டாடியது. அப்படிப்பட்டவரின் சொல்லைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதே அதிகப் பிரசங்கித்தனமாகத் தோன்றக்கூடிய காலம்.

டாங் சோதித்துப் பார்த்தார். ஷாங்காய்க் கண் வைத்தியர் சௌ செங்-ஹுவின் துணை கொண்டு நோயாளிகளை ஒவ்வொருவராகப் பரீட்சித்தார். நொகுச்சி சொன்ன பாக்டீரியா அகப்படவில்லை. ஷாங்காயிலிருந்த ஹென்றி லெஸ்டர் வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் கிருமி சாஸ்திரப் பகுதிக்குத் தலைவரான பிறகும் இதை அவர் விடவில்லை. தாம் தேடிய முறையில் பிழை இருக்கலாம் என்ற ஐயம் எழவே, நொகுச்சியின் பாக்டீரியாவையே அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். அதைத் தாமும் மனமொப்பி முன்வந்த சிலருமாகப் பன்னிரண்டு பேர் தங்கள் கண்களில் ஏற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கும் டிரக்கோமா வரவில்லை. நொகுச்சியின் கொள்கை அத்துடன் சீனத்தில் முடிந்தது. சில வருஷங்களில் மற்ற நாடுகளிலும் கைவிடப்பட்டது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரு கொள்கையைப் பொய்யென்று நிரூபிப்பதற்காகத் தம் கண்ணைப் பணயம் வைத்தார் டாங். நொகுச்சி சொன்னது மெய்யாக இருந்திருந்தால் அவர் பார்வைக்கே கேடு நேர்ந்திருக்கும். எதிராளியின் வாதம் பொய் என்று உரக்கக் கூறுவதற்கும், அது பொய் என்பதில் தம் கண்ணையே ஈடு வைப்பதற்கும் உள்ள தூரம் கொஞ்சமன்று.

1937-ல் ஜப்பானியப் படை ஷாங்காயின் மீது பாய்ந்தது. டாங் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டுப் போர்முனை வைத்தியத் தொண்டர்களுடன் சேர்ந்து, குண்டடி பட்டவர்களுக்குக் கட்டுக் கட்டினார். மறு வருஷம் யென் மறுபடியும் அவரை அழைத்தார். தேசத்தின் தொற்றுநோய்த் தடுப்பு ஸ்தாபனம் யுத்தத்தில் சிதறிப் போயிருந்தது. அதை முதலிலிருந்து கட்ட வேண்டும். நம்முடைய காங்கிரஸ் மகாசபை டாக்டர் கோட்னிஸ் முதலிய ஐந்து வைத்தியர்களைச் சீனாவுக்கு அனுப்பியதும் அதே 1938-ம் வருஷத்தில்தான் என்பதை வாசகர்கள் நினைவு கூரலாம்.

முதலில் சாங்ஷா, பிறகு தென்மேற்கு மூலையிலுள்ள குன்மிங் என்று ஸ்தாபனம் இடம் பெயர்ந்தது. குன்மிங்கில் ஏரிக்கரை ஓரமாக டாங் ஏற்படுத்திய கூடத்தை ஆராய்ச்சி ஸ்தாபனம் என்பதைவிடத் தட்டுமுட்டுச் சாமான்களின் பட்டறை என்றால் பொருந்தும். இருந்தது ஒரே ஒரு பழைய கொதிகலம். அது ஒழுகியபடியால் தினந்தோறும் வேலை முடிந்தபின் நீரைக் கொட்டிப் பழுது பார்த்தாக வேண்டும். கிருமிகளை வளர்க்கும் அகர் என்ற கடற்பாசிக் கூழ் வெளிநாட்டிலிருந்து வர வழியில்லாததால், ஒரு முறை உபயோகித்ததையே சுத்தம் செய்து மறுபடியும் உபயோகித்தார்கள். இந்த லட்சணத்தில் அம்மைப்பால், காலரா ஊசி மருந்து, விஷ ஜுரத் தடுப்பு மருந்து எல்லாம் அங்கிருந்து வெளிவந்தன. 1944-ல் சீனாவில் தயாரான முதல் பெனிசிலினும் அங்கிருந்தே வந்தது. பிற்காலத்தில் சீன விஞ்ஞானத்தின் சரித்திரத்தைப் பல பாகங்களாக எழுதிய ஆங்கிலேய அறிஞர் ஜோஸப் நீடம் அக்காலத்தில் குன்மிங்குக்குப் போய்ப் பார்த்து, வியந்து எழுதியிருக்கிறார். அவரை அதிசயிக்க வைத்தது மருந்தின் தரம். வறுமையைக் காரணம் காட்டி எதையும் குறைவாகச் செய்ய டாங் சம்மதிக்கவில்லை.

யுத்தம் முடிந்தபின் ஸ்தாபனம் பீகிங்குக்குத் திரும்பியது. அங்கே தியன்தான் என்ற பழைய ஆலயத்தின் பக்கத்தில் இருந்த கட்டிடங்களை ஜப்பானியர் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? நோய்க்கிருமிகளையே ஆயுதமாக்க முயன்ற அவர்களுடைய படைப்பிரிவு ஒன்று அங்கேதான் குடியிருந்தது. அந்த இடத்தையே டாங் மறுபடியும் தடுப்பு மருந்து செய்யும் இடமாக மாற்றினார்.

1949-ல் உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகள் வெற்றி பெற்றார்கள். டாங்கின் மனைவியார் கோமிண்டாங் கட்சித் தளபதி ஒருவரின் புதல்வி. ஹார்வர்டில் நண்பர்கள் இருந்தார்கள். போக அழைப்பும் இருந்தது. மூட்டை முடிச்சுகளைக் கட்டி ஹாங்காங் வழியாக அமெரிக்காவுக்குப் புறப்படும் ஏற்பாடும் ஆகிவிட்டது. கடைசியில் அவர் போகவில்லை. சொந்த நாட்டில் கட்டியதை விட்டு அந்நிய நாட்டில் விருந்தாளியாக வாழ அவருக்கு மனம் வரவில்லை. புதிய சர்க்கார் அமைந்த சில வாரங்களுக்குள் வடக்கே சஹார் பிரதேசத்தில் பிளேக் நோய் கிளம்பிற்று. அதற்கு மருந்து செய்து கொடுத்தவர் டாங். அம்மைப்பாலைப் பெருவாரியாகச் சுத்தமாகத் தயாரிக்கும் முறையை வகுத்தவரும் அவரே.

இவ்வளவு நிர்வாகச் சுமைக்கு நடுவிலும் இருபது வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட கேள்வி அவரை விடவில்லை. நொகுச்சியின் பாக்டீரியா காரணமன்று என்று காட்டியாயிற்று. ஆனால் காரணம் எது? அக்காலத்தில் சீன ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 1954-ல் டாங் மறுபடியும் ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்.

இந்த முறை அவருக்கு அமைந்த துணைவர் பீகிங் தொங்ரென் ஆஸ்பத்திரியின் கண் வைத்தியர் ஜாங் சியாவ்லோ. டாங்கைவிடப் பதினேழு வயது இளையவர். நோயாளியை நன்கு அறிந்த வைத்தியரும் கிருமியை நன்கு அறிந்த விஞ்ஞானியும் சேராமல் இந்த வேலை நடந்திருக்க முடியாது என்பது நிச்சயம். வேறு கண் நோய் எதுவும் கலவாத, சந்தேகத்துக்கு இடமில்லாத டிரக்கோமாக்காரர்களை ஜாங் தேர்ந்தெடுத்தார். ஒரு வருஷத்தில் 201 பேருடைய இமைகளிலிருந்து சுரண்டி எடுத்த சத்து டாங்கின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதை அவர் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, இமையின் அணுக்களுக்குள்ளே தொப்பி போலவும் முசுக்கட்டைப் பழம் போலவும் தோன்றும் சிறு கூட்டங்களைக் கண்டார். இவை புதியவை அல்ல. ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாஸெக் என்ற இரு விஞ்ஞானிகள் 1907-லேயே ஜாவாத் தீவில், நோயுற்ற மனிதனின் கண்ணிலிருந்து உராங்குட்டான் குரங்குக்கு நோயை ஏற்றி, அதன் கண்ணில் இவற்றைக் கண்டிருந்தார்கள். ஆனால் பார்ப்பது ஒன்று, பிடிப்பது மற்றொன்று. ஐம்பது வருஷமாக யாராலும் அதை உடலுக்கு வெளியே வளர்க்க முடியவில்லை.

ஒரு கிருமி குற்றவாளி என்று தீர்மானிப்பதற்குக் கிருமி சாஸ்திரிகள் கடுமையான சாட்சிச் சட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நோயாளியிடம் அது இருக்க வேண்டும். அதை வேறு எதுவும் கலவாமல் தனியே வளர்த்துக் காட்ட வேண்டும். அப்படித் தனியே வளர்த்ததைச் சுகமாயிருப்பவனிடம் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அவனிடமிருந்து அதே கிருமியை மறுபடியும் எடுத்துக் காட்ட வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வழக்குத் தள்ளுபடி. நியாயஸ்தலங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் சாட்சிச் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருந்தால் எத்தனை நிரபராதிகள் தப்புவார்கள்!

எலியின் மூளையில் இதை வளர்த்துவிட்டதாக ஜப்பானில் ஒருவர் எழுதியிருந்தார். எனவே டாங் முதலில் அந்த வழியிலேயே போனார். 2500-க்கும் மேற்பட்ட எலிகள் மாண்டன, கிருமி அகப்படவில்லை. பிறர் வெற்றி பெற்றதாகச் சொல்லும் முறையில் தமக்கு மட்டும் தோல்வி ஏற்படும்போது, பலர் தங்கள் கைத்திறனைக் குறை கூறிக்கொண்டு பேசாதிருப்பார்கள். சிலர் தாங்களும் கண்டதாகச் சொல்லிவிடுவதும் உண்டு. டாங் அந்த முறையே பயனற்றது என்று முடிவு கட்டித் தம் சொந்த யோசனையின்படி நடந்தார். இந்தக் கிருமி விஷ ஜுரக் கிருமிக்கும் கிளி ஜுரக் கிருமிக்கும் உறவினதாகத் தோன்றுகிறது. அவை கோழி முட்டையில் கருவைச் சுற்றியுள்ள மஞ்சட்கரு உறையில் நன்றாக வளருகின்றன. இதுவும் ஏன் வளரக்கூடாது என்பது அவர் யோசனை.

கண்ணிலிருந்து எடுத்த சத்தில் சாதாரணக் கிருமிகளும் கலந்திருக்கும். அவை முந்திக்கொண்டு பெருகி முட்டையைக் கெடுத்துவிடும். ஆகையால் பெனிசிலினையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் சேர்த்து அவற்றைக் கொன்றபின் முட்டையில் செலுத்தினார்கள். ஏழு தடவை ஒன்றும் வரவில்லை. எட்டாவது தடவை, 1955-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி, கிருமி வளர்ந்தது. டிரக்கோமா, முட்டை என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களையும் எட்டு என்ற எண்ணையும் சேர்த்து அதற்கு டி.இ. 8 என்று பெயரிட்டார்கள்.

இதோடு பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்திருக்கலாம். ஆனால் மறுபடி மறுபடி முயன்றபோது கிருமி அபூர்வமாகவே அகப்பட்டது. ஒரு தடவை வந்தது மற்றொரு தடவை ஏன் வரவில்லை என்று டாங் துருவினார். கடைசியில் கள்ளனைப் பிடிக்கப் போட்ட காவற்காரனே கள்ளன் அகப்படாமல் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. பெனிசிலின் மற்றக் கிருமிகளைக் கொல்வதோடு, டிரக்கோமாக் கிருமியையும் அடக்கிவிடுகிறது! அதை விலக்கிவிட்டு, ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் அதிகமாகச் சேர்த்துச் சற்று நேரம் காத்திருந்து செலுத்தியபோது, ஏறக்குறையப் பாதித் தடவைகளில் கிருமி கிடைத்தது. நமது எண்ணத்தில் இந்தச் சிறு திருத்தமே அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அதிர்ஷ்டத்தால் ஒரு தடவை வந்ததை, எவரும் எங்கும் செய்யக்கூடிய முறையாக ஆக்கியது அதுவே. ஜாங் சியாவ்லோ, ஹுவாங் யுவான்டோங், வாங் கெச்சியான் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய அறிக்கை 1956-ல் சீன மொழியிலும் 1957-ல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

லண்டன் லிஸ்டர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த கோலியர் என்ற ஆராய்ச்சியாளர் கேட்டபோது டாங் கிருமிகளைத் தயங்காமல் அனுப்பினார். ஒருவன் சொல்வதை மற்றவன் தன் கையால் செய்து பார்த்த பிறகே விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளும். எனவே அனுப்புவதுதான் முறை. கோலியர் அவை மெய்யே என்று கண்டார். அதே முறையைக் கையாண்டு அவரும் சோவா என்பவரும் 1958-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டுக் குழந்தைகளின் கண்களிலிருந்தும் அக்கிருமியை எடுத்தார்கள். டாங்கின் டி.இ. 55 என்னும் இனம் உலகத்தின் பல ஆராய்ச்சிக் கூடங்களில் மாதிரியாக வைக்கப்பட்டது.

சாட்சிச் சட்டத்தில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருந்தது. குரங்குகளுக்கு நோய் வந்தது என்பது போதாது. மனிதனுக்கு வர வேண்டும். யாருடைய கண்ணில் ஏற்றுவது? அந்தக் கேள்விக்கு ஷாங்காயிலேயே அவர் ஒரு தரம் விடை சொல்லியிருந்தார். 1957-ம் வருஷம் முடிந்து 1958 பிறக்கும் சமயம், அறுபது வயது கடந்த டாங் தம் ஒரு கண்ணில் டி.இ. 55 கிருமியைச் செலுத்திக்கொண்டார். முன்பு வராது என்று நம்பி ஏற்றினார். இப்பொழுது வரும் என்று நன்றாகத் தெரிந்தே ஏற்றினார். வந்தது. கண் சிவந்து வீங்கி, இமையின் உட்புறத்தில் பருக்கள் எழும்பின. மருந்து பக்கத்திலேயே இருந்தது. ஆயினும் நோயின் போக்கை முழுவதும் குறித்தாக வேண்டும் என்று நாற்பது நாள் வரையில் அவர் மருந்து போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கண்ணிலிருந்தே கிருமியை மறுபடியும் எடுத்துக் காட்டிய பிறகுதான் வைத்தியம் செய்துகொண்டார். வழக்கு முடிந்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கை கூசுகிறது.

1958-ம் வருஷம் சீனாவில், படித்தவர்களின் நடுவே மறைந்திருக்கும் வெள்ளைக் கொடிகளைப் பிடுங்கி எறிவது என்ற இயக்கம் கிளப்பப்பட்டது. அரசியலை விடச் சாஸ்திரமே பெரிதென்று எண்ணுகிறவன் எவனும் வெள்ளைக் கொடியே என்று கருதப்பட்டான். டாங்கின் மீது கோஷ்டி கோஷ்டியாகக் கூடிக் குற்றம் சாட்டினார்கள். மாமனார் கோமிண்டாங் தளபதி, படித்தது அமெரிக்காவில், வேலை செய்தது பிரிட்டிஷார் பணத்தில் நடந்த ஸ்தாபனத்தில். இவற்றோடு தேசத்தின் செல்வமான கிருமியை அந்நியனுக்குக் கொடுத்துவிட்டான் என்பதும் ஒரு குற்றமாயிற்று. தேசத் துரோகி, ஒற்றன் என்ற பட்டங்கள் சூட்டப்பட்டன. நாற்பது நாள் நோயை மௌனமாகத் தாங்கியவரால் இதைத் தாங்க முடியவில்லை. செப்டம்பர் மாதம் 30-ந் தேதி டாக்டர் டாங் ஃபெய்-ஃபான் தமது வீட்டில் தூக்கிட்டு உயிர் நீத்தார். மறுநாள் மக்கள் குடியரசின் ஆண்டுவிழா.

லண்டனுக்கு அனுப்பிய கிருமியைக் கொண்டுதான் சீனாவின் கண்டுபிடிப்பைச் சீனாவின் கண்டுபிடிப்பென்று உலகம் ஒப்புக்கொண்டது. அனுப்பாமல் பூட்டி வைத்திருந்தால் அது வெறும் உரிமை கொண்டாடலாகவே இருந்திருக்கும். இதை எடுத்துச் சொல்ல அந்தக் கூட்டங்களில் ஒருவர் வாயும் திறக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. திறந்திருந்தால் அடுத்த கூட்டம் அவர் மீது கூடியிருக்கும்.

டாங் இறந்தபின் அவர் பெயர் இருபது வருஷகாலம் சீனாவில் வெளிப்படையாகப் பேசப்படவில்லை. ஆராய்ச்சி நிற்கவில்லை. அவர் வைரஸ் என்று எண்ணி எடுத்தது உண்மையில் ஒரு விசித்திரமான பாக்டீரியா என்று பின்னால் தெளிவாயிற்று. வேறோர் உயிரணுவுக்குள் புகுந்தாலன்றிப் பெருகாத அந்த இனத்துக்குக் கிளமிடியா என்று பெயர். கண்ணை மட்டுமன்றிப் பிறப்புறுப்புகளையும் தாக்கும் நோயொன்றுக்கும் அதுவே காரணம் என்று கண்டார்கள். மருந்துகளை ஆராய்ச்சிக் கூடத்திலேயே பரீட்சிக்க முடிந்தது. கிருமி கிடைத்ததும் அம்மைக்குப் போலத் தடுப்பூசி வந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். அது மட்டும் பலிக்கவில்லை. பீகிங்கில் ஜாங் சியாவ்லோ 1959-ல் கண் நோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றை நிறுவி நடத்தி வந்தார். ஒருவருக்கு ஒரு துவாலை, முகம் கழுவுவது ஓடும் நீரில் என்ற எளிய பழக்கம் சீனாவின் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் பரவியது. ஊசியால் முடியாததைத் துவாலையும் தண்ணீரும் பெருமளவு சாதித்தன. நம் தேசத்திலும் டிரக்கோமா பொதுஜன சுகாதாரத்துக்குக் கேடாக இருந்த நிலை ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அறிவித்தது.

1979-ல் சீன சர்க்கார் டாங்கின் மீது சாட்டிய குற்றங்களை ரத்து செய்து அவர் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைத் துடைத்தது. அதன்பின் டிரக்கோமாவை எதிர்க்கும் சர்வதேச சங்கம் தன் தங்கப் பதக்கத்தை அளிப்பதற்காகச் சீனக் கண் வைத்தியர்களுக்கு எழுதி அவரைப் பற்றி விசாரித்தது. அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்பது அந்தச் சங்கத்தாருக்குத் தெரியாது. 1981-ல் பதக்கம் அவர் பெயருக்கே வழங்கப்பட்டது. 1992-ல் அவர் உருவத்துடன் சீனத் தபால் தலை ஒன்று வெளிவந்தது. உயிரோடிருந்தால் நோபல் பரிசு கிடைத்திருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். கிடைத்திருக்கலாம், அந்த விவாதத்தால் இப்பொழுது பயனில்லை.

ஜாங் சியாவ்லோ தமது ஆசானைவிட முப்பத்திரண்டு வருஷம் அதிகமாக வாழ்ந்தார். தொங்ரென் ஆஸ்பத்திரியில், இறந்தவர்களின் கருவிழியைப் பெற்றுப் பார்வையற்றவர்களுக்குப் பொருத்தும் கண் வங்கி ஒன்று ஏற்படுவதற்காக முயன்றவர்களில் அவர் முதன்மையானவர். அவ்விதம் கண்ணைக் கொடுக்கச் சீனக் குடும்பங்கள் மிகவும் தயங்கின. 1990-ம் வருஷம் ஜாங் இறந்தபோது, அவர் எழுதி வைத்திருந்தபடி அவருடைய கண்கள் அந்த ஆஸ்பத்திரிக்கே கொடுக்கப்பட்டன.